திருப்பிப் படுக்கவைக்கும் நேரம்

கூரையில் இருந்த மஞ்சள் பொட்டுகளைக் காணவில்லை என்று முதலில் தேடியவர் அவர்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வந்த தெர்மாகோல் பெட்டி, அதன் மூடியில் காற்றுக்காக நான் பேனா முனையால் குத்திய ஓட்டைகள், உள்ளே இரவும் பகலும் எரியும் ஒரு குண்டு பல்பு. திரை இழுத்துவிட்ட அறையில் அந்த வெளிச்சம் ஓட்டை வழியாக மேலே போய்க் கூரையில் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மல்லாந்தே கிடக்கிற மனிதருக்குக் கூரைதான் தெரு, கூரைதான் வானம். ஒரு மாதமாக என் கணவர் அந்தப் பொட்டுகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இப்போது அவர் கண் இடமும் வலமும் போய்ப் போய் வருகிறது. அவர் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்த நான் அந்தக் கண் போன வழியே நிமிர்ந்து பார்த்தேன். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு அடங்கியது. கரண்ட் போய்விட்டது. போனால் வரும் என்று நினைத்த மூச்சு முடிவதற்குள், தண்ணீர் கேன் போட வந்தவர் நேற்று வாசலில் நின்று சொன்னது காதில் வந்து விழுந்தது. "நாளைக்கு ஷட் டவுன்மா. காலையில போனா சாயங்காலம்தான். மோட்டார் போட்டு டேங்க்க ரொப்பிக்குங்க." ரொப்பினேன். டேங்க், குளியலறை வாளி, அவருடைய பிளாஸ்க் எல்லாவற்றையும் ரொப்பினேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் மறக்காமல் தண்ணீர் ஊற்றினேன். ஷட் டவுன் என்றால் பல்பும் அணையும் என்பது மட்டும் தோன்றவில்லை. சூரியன் அணைந்துபோகும் என்று யாராவது முன்கூட்டி யோசிப்பார்களா. பெட்டிக்குள்ளிருந்து அது கத்தியது. கீ. கொஞ்சம் இடைவெளி விட்டு, கீ கீ. இன்னும் முட்டை ஓட்டுக்குள்ளேயே இருக்கிற ஒன்றின் குரல். நேற்று மாலை ஓடு கீறியது. இரவு போய், காலை போய், அந்தக் கீறல் ஒரு மிளகு அளவுக்கு மேல் பெரிதாகவில்லை. "நாளைக்கு" என்றார் அவர், கூரையைப் பார்த்து. பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்த ஒரே சொல் அது. பசித்தாலும் நாளைக்கு, வலித்தாலும் நாளைக்கு, மகள் போனில் அழுதாலும் நாளைக்கு. நான் எப்போதும்போல "சரி, நாளைக்கு" என்றேன். கை அதற்குள் பெட்டியின் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இளஞ்சூடு இன்னும் இருந்தது. எவ்வளவு நேரம் இருக்கும்.

அந்த முட்டை என்னிடம் வந்ததே நான் போகிற தூரத்தைத் தாண்டிப் போனதால்தான். செசிலி காலையில் வந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுகிற நேரம் மட்டுமே நான் வெளியே போகலாம். பால், மாத்திரை, வாழைப்பழம், திரும்பிவிட வேண்டும். மன்னார்குடிக்கு வெளியே வயலை நிரவிப் போட்ட இந்த மனைப்பிரிவில் எங்கள் வீடுதான் கடைசி. அதற்குப் பிறகு சிமெண்ட் சாலை சொல்லாமல் கொள்ளாமல் வயலில் இறங்கி முடிந்துவிடும். அன்று அறுத்த வயலில் வாத்து இறங்கியிருந்தது. ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வந்து சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிடுகிற கூட்டம். வாத்துக்காரர் நீளக் கழியின் நுனியில் பிளாஸ்டிக் பை கட்டி ஒரு அசைப்பு அசைக்க, அத்தனையும் ஒரே உடம்பாகத் திரும்பின. சேற்றில் அலகை வைத்து அவை அலம்புகிற சத்தம், மழை இல்லாமலே மழைச் சத்தம். நான் வரப்பில் கூடவே நடந்தேன். எதற்கு என்று தெரியாது. மாத்திரைப் பை கையில் ஆடிக்கொண்டிருந்தது. கால் ஈரமாக இருந்தது. வாய்க்கால் வளைவு தாண்டி, அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு தாண்டி, யாரும் தன்னை எதிர்பார்க்காத ஒரு பெண்மணிபோல நடந்தேன். அங்கேதான் மாட்டுக் குளம்பு பதிந்த ஒரு குழியில் அது கிடந்தது, வரப்பில் ஒரு காகம் அதைக் கண்காணித்துக்கொண்டு நின்றது. "எடுத்துக்குங்கம்மா" என்றார் வாத்துக்காரர். "ராத்திரி பட்டியில இடாம நடந்துக்கிட்டே போட்டுட்டுப் போவுதுங்க, சோம்பேறிங்க. அவிச்சித் தின்னுங்க, மஞ்சக்கரு சும்மா கெட்டியா இருக்கும்." கையில் எடுத்தபோது வெயில் பட்ட பக்கம் சூடாகவும் சேறு பட்ட பக்கம் குளிர்ந்தும் இருந்தது. வீட்டுக்கு வந்தால் செசிலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "எங்கம்மா போயிட்டீங்க? அடுத்த வீட்டுல ஒரு அம்மா எனக்காக ஒண்ணுக்க அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கும்." அவர் உள்ளே கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செசிலி சிரித்துத் தீர்த்துவிட்டாள். "பல்பு அடைகாக்குமா! எங்க ஊர்ல வாத்து முட்டைய கோழிக்குக் கீழ வப்போம்மா, வாத்துக்கு உக்காரப் பொறுமை கிடையாது. நீங்க என்னடான்னா கரண்ட்ட உக்கார வைக்கிறீங்க. ஐயா, பாத்தீங்களா உங்க வூட்டம்மாவ?" "நாளைக்கு" என்றார் அவர். ஆனாலும் மறுநாள் ஒரு துருப்பிடித்த ஆணி, கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல் மூன்றையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் ஓரமாக வைத்தாள். "இடி இடிச்சா கரு கலங்கிடும். இரும்பு இருந்தா அண்டாது." "நீ மாதா கோயிலுக்குப் போறவளாச்சே செசிலி, இதெல்லாம் நம்புறியா?" "இடிக்கு அது தெரியுமாம்மா?" என்றாள். பெட்டியை வைக்க வேறு இடமில்லை. இந்த வீட்டில் நான் எந்நேரமும் இருக்கிற அறை இதுதான், காலி பிளக்கும் இங்கேதான், அவர் வலது கைப்பக்கம், மருந்து மேசைக்குப் பக்கத்தில். அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம், மல்லாக்க. இல்லாவிட்டால் ஒரே இடத்தில் பாரம் ஏறித் தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். முட்டையையும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பென்சிலால் முட்டையின் ஒரு பக்கம் இ என்றும் மறுபக்கம் வ என்றும் எழுதினேன். போனில் அலாரம் அடிக்கும். முதலில் அவர், பிறகு அது. அவர் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு புரட்டல். பிறகு இரண்டு விரலால் முட்டை. அவர் கனத்துக்குப் பிறகு அது ஒன்றுமில்லாத கனம். அந்த ஒன்றுமில்லாததுக்காகத்தான் அலாரத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அங்கேதான் தவறு நடந்தது. கடைசி நாட்களில் முட்டையைத் திருப்பவே கூடாது. உள்ளே குஞ்சு தலையை அகன்ற முனைக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கிற காற்றறையில் மூக்கை வைத்து, வெளியே வருகிற வழியைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அப்போது அதை அசைத்தால் திசை கெடும். இது எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளுக்குத் தெரியாமல் போகுமா. தெரிந்தது தலையோடு நின்றுவிட்டது. கை அலாரத்துக்கு மட்டும்தான் பழகியிருந்தது. அவரைத் திருப்பியதும் அதுபாட்டுக்குப் பெட்டிக்குள் போய் இ என்பதை வ ஆக்கிவிட்டு வந்தது. ஒரு நாள், இரண்டு நாள், யோசிக்காமல். நேற்று மாலை விரிசலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அகன்ற முனையில் வர வேண்டிய கீறல் கூர்முனையில் வந்திருந்தது. அங்கே காற்றறை கிடையாது, தலையைச் சுழற்றி ஓட்டை வட்டமாக அறுக்க இடம் கிடையாது. கால் இருக்க வேண்டிய இடத்தில் தலை. ஓட்டையில் அலகின் நுனி மட்டும் தெரிகிறது, அரிசிக் குருணைபோல ஒரு வெள்ளை முள்ளோடு. அது ஓட்டைத் தட்டுகிறது, நிறுத்துகிறது, மூச்சு வாங்குகிறது. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை இடித்துக்கொண்டிருக்கிறது. திருப்பிவிட்டவள் நான். இதை நினைக்கும்போது அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரையும் ஒரு நாளைக்கு இத்தனை முறை புரட்டுகிறேனே, ஒருவேளை அவருக்குள்ளும் ஏதோ ஒன்று வெளியே வருகிற பக்கமாகத் தலையை வைத்துப் படுத்திருந்து, நான் திருப்பித் திருப்பி அதற்கு வழி தெரியாமல் போயிருக்குமோ. பைத்தியக்காரத்தனம். மூடியைத் திறந்தால் சூடு போய்விடும் என்று தெரிந்தும் திறந்து பார்த்தேன். அலகு அசைந்தது. மூடினேன்.

இன்வெர்ட்டர் இருக்கிறது. அந்த லைனில் அவர் தலைக்கு மேலிருக்கும் விசிறி, காற்று மெத்தையின் மோட்டார், அவ்வளவுதான். மெத்தையில் வரிசை வரிசையாகக் குழாய்கள். மோட்டார் ஒரு வரிசையில் காற்றை நிரப்பி மறு வரிசையில் இறக்கும், பிறகு மாற்றும், அதனால்தான் அவர் முதுகுப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. பிளக் ஒன்றுதான். மெத்தையைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகலாம். கை பிளக்கின் மேல் போய் நின்றது. மகளுக்குப் போன் போட்டேன். மாதங்கி புனேயில் ஏதோ கூட்டத்துக்கு நடுவிலிருந்து கிசுகிசுத்தாள். "அம்மா, அது தானா வர்ற வரைக்கும் தொடக்கூடாதாம்மா, நானும் வீடியோ பாத்தேன்." "தலைகீழா இருக்குடி. தானா வர முடியாது." "அப்ப விட்டுடும்மா, ஒரு வாத்துக் குஞ்சுதானே. அப்பா எப்படி இருக்காரு?" "அப்படியேதான்." "நாளைக்குன்னு சொன்னாரா?" "சொன்னார்." அவள் சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக மூக்கை உறிஞ்சினாள். "நீ ஏம்மா இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கற" என்றாள். பதில் சொல்வதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நல்லதுதான். என்ன சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் எதற்கும் முடிகிற தேதி கிடையாது, டாக்டரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார், பத்து வருஷமும் இருக்கலாம் என்கிறார், அதைக் கேட்டு நான் சந்தோஷப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு முட்டைக்குத்தான் தேதி இருந்தது, காலண்டரில் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டிவிட்டேன் என்றா. அந்தத் தேதிக்குப் பிறகு என்ன என்று நான் யோசிக்கவில்லை என்பதையுமா. பிளக்கைப் பிடுங்கவில்லை. பிடுங்க நினைத்தேன், அது எனக்கும் பிளக்குக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதற்கும் வேலையில்லாமல் போயிற்று. இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி, விசிறி தள்ளாடி நின்று, மோட்டாரின் முனகல் அடங்கியது. பழைய பேட்டரி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அவ்வளவுதான். மெத்தை மெல்ல மெல்ல உயிர் விட ஆரம்பித்தது. அவர் ஒரு பக்கமாக அமிழ்ந்தார்.

வெந்நீர் போட்டுப் பார்த்தேன். ஒரு செம்பில் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். உள்ளே செருகியிருந்த தெர்மாமீட்டர் குப்பென்று ஏறியது, குஞ்சு வேறு குரலில் அலறியது. எடுத்துவிட்டேன். இறங்கியது, நான் நினைத்ததைவிட வேகமாக. குரல் மெலிந்தது. கீ என்பது க் என்று ஆனது. எங்கள் லெக்சரர் காதில் பேசினார்: குமுதவல்லி, கை நடுங்கக் கூடாது. கல்லூரியில் மேல்மாடி லேப், ஃபார்மலின் நெடி, வரிசையாகக் கோழி முட்டைகள். ஓட்டில் ஒரு ஜன்னல் அறுக்க வேண்டும், சவ்வைக் கத்தரிக்க வேண்டும், கருவை வட்டமாக வெட்டி எடுத்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். கண்ணாடித் தட்டில் கண்ணீர்த் துளிபோல ஒன்று, நடுவே ஒரு சிவப்புப் புள்ளி, துடிக்கிறது. மேசை விளக்கின் சூட்டில் துடிக்கிறது. நான் அதை வரைந்துகொண்டிருந்தேன். புள்ளி புள்ளியாக நிழல் போட்டு வரைய வேண்டும், கோடு இழுக்கக் கூடாது. நான் பாதி வரைவதற்குள் விளக்கைப் பக்கத்து மேசைக்காரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புள்ளி மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. நான் பென்சிலைப் பிடித்தபடி அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தேன். அந்த வாரம்தான் பெண் பார்க்க வந்தார்கள். "என்ன வாடை இது?" என்று அவருடைய அம்மா மூக்கைச் சுளித்தார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "தவளையெல்லாம் அறுப்பியா?" "அறுப்பேன்." அவர் சிரித்துவிட்டார், நானும். நல்ல மனிதர்தான். பொதுப்பணித்துறையில் மதகு திறக்கிற இன்ஜினியர், மனுவோடு வந்து நிற்கிற ஆட்களிடம் குரல் உயர்த்தாமல் "நாளைக்கு வாங்க" என்பார். என்னிடமும் குரல் உயர்த்தியதில்லை. எம்.எஸ்ஸி. சேரட்டுமா? நாளைக்குப் பேசலாம். வேலைக்கு அப்ளிகேஷன் வந்திருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம். மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் மறுக்கவே இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து எல்லாச் சொல்லும் கொட்டிப்போன பிறகு அந்த ஒன்று மட்டும் தங்கியிருக்கிறது. அதிகம் புழங்கிய பாத்திரம்தான் வீட்டில் கடைசியில் மிஞ்சும் போலிருக்கிறது.

"நாளைக்கு" என்றார். நெற்றி வியர்த்திருந்தது. விசிறி நின்றதால் அவர் உடம்பு கொதித்தது, துடைக்கப் போனவள் கழுத்தைத் தொட்டேன், கை அங்கேயே நின்றுவிட்டது. சூடு. ஏறாத, இறங்காத சூடு. இந்த வீட்டில் கரண்ட் இல்லாமல் எரிகிற ஒரே அடுப்பு. அவர் வலது கை விழுந்த கை. மடங்கி, மார்போடு ஒட்டி, இறுகிக் கிடக்கும். அந்த அக்குளைத் துடைக்கச் செசிலி தினமும் மல்லுக்கட்டுவாள், "ஐயா, கொஞ்சம் கதவத் திறங்க" என்பாள். வியர்வையில் புண்ணாகாமல் இருக்க அங்கே எப்போதும் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருப்போம். அந்தத் துண்டை எடுத்தேன். வளையமாகச் சுற்றினேன். பெட்டியிலிருந்து முட்டையை எடுத்தபோது அது ஏறக்குறைய அறையின் சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது, உள்ளே ஒரு நடுக்கம் இருந்தது. "ஏங்க, கொஞ்ச நேரம்" என்றேன். வளையத்துக்குள் முட்டையை வைத்து, கூர்முனை வெளியே தெரிகிற மாதிரி, அவர் அக்குளுக்குள் நுழைத்தேன். கை தானாக மூடிக்கொண்டது. நசுக்கிவிடுமோ என்று உயிர் போய்த் திரும்பியது. துண்டு தாங்கியது. புரண்டு படுக்காத, எழுந்து போகாத, உக்காரப் பொறுமை இல்லையென்று சொல்ல முடியாத ஒரு உடம்பு. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவருக்குத் தொட்டால் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து அது ஓட்டைத் தட்டியபோது அவர் முகவாயைக் கீழே இறக்கி அந்தப் பக்கம் பார்த்தார்.

சந்தோஷப்பட நேரமில்லை. மெத்தை முழுக்கத் தட்டையாகிவிட்டது, அவர் இடுப்பெலும்பு பலகையில் உட்காருவதுபோல அழுந்திக்கொண்டிருந்தது, சரியாக அடிமுதுகில் அந்தப் புண் இருக்கிற இடம். திருப்ப வேண்டும். திருப்பினால் முட்டை நொறுங்கும். முட்டையை எடுத்தால் அது குளிரும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் இடது முன்னங்கையை அவர் இடுப்புக்கு அடியில் நுழைத்தேன். அவர் பாரம் என் மேல் இறங்கியது. அதுவரை நான் அவரைத் தூக்கியிருக்கிறேன், புரட்டியிருக்கிறேன், தாங்கியதில்லை. வளையல் தோலுக்குள் பதிந்தது. அப்போது பார்த்து அலாரம் அடித்தது. ஜன்னல் ஓரம், எட்டாத தூரத்தில், போன் துள்ளிக்கொண்டு அடித்தது, திருப்பிப் படுக்கவைக்கிற நேரம் என்று. என்னால் எழுந்திருக்க முடியாது. அவர் எழுந்திருக்க முடியாது. ஓட்டுக்குள் அதுவும். அலாரம் ஓய்ந்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. வலது கை மட்டும் எனக்குச் சொந்தமாக இருந்தது. மிளகு அளவு ஓட்டையின் விளிம்பில் நகத்தை வைத்தேன். ஒரு சில்லு வந்தது. அடியில் சவ்வு, காய்ந்த காகிதம்போல. வெள்ளையாக இருந்தால் போகலாம், ரத்தக்கோடு தெரிந்தால் நிறுத்த வேண்டும், குஞ்சு இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளாத ரத்தம். எச்சில் தொட்டுச் சவ்வை நனைத்தேன். இன்னொரு சில்லு. ஒரு சிவப்பு இழை எழுந்தது. நிறுத்தினேன். காத்திருந்தேன். இடது கை முதலில் வலித்து, பிறகு எரிந்து, பிறகு யாருடைய கையோ ஆயிற்று. பாதி வரைந்த அந்தச் சிவப்புப் புள்ளி. இந்த விளக்கை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. கீ, என்றது. குரல் திரும்பியிருந்தது. "நாளைக்கு" என்றார் அவர். கீ கீ. "நாளைக்கு." நான் குனிந்து அவர்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. இவ்வளவு நேரம் அது சாகுமோ என்று இருந்த பயத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பயம். பிழைத்தால்? வெளியே வந்ததும் எது முதலில் அசைகிறதோ, எது குரல் கொடுக்கிறதோ, அதைத் தாய் என்று வாத்துக் குஞ்சு எடுத்துக்கொள்ளும். ஓட்டை விட்டு வருவதற்கு முன்பே குரலைப் பழகத் தொடங்கிவிடும். ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான், பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். என் பின்னாலேயே வரும். சமையலறைக்கு, துணி காயப்போட, குளியலறைக் கதவு வரை. கதவைச் சாத்தினால் கதறும். பால் வாங்கப் போனால் வாசல் வரை ஓடிவரும், நான் திரும்பும்வரை கத்திக்கொண்டே நிற்கும். உள்ளே ஒரு ஜோடிக் கண் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது போதாதா. என் புடவை நுனியில் இன்னொரு முடிச்சை நானே பெட்டி செய்து, பல்பு மாட்டி, ஒரு மாதம் கண் விழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விரலை எடுத்துவிடலாம். எடுத்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம், யாரும் கேட்கமாட்டார்கள், செசிலி நாளைக் காலை வந்து "சொன்னேனேம்மா, கோழி வேணும்னு" என்று சொல்லி ஆணியையும் கரியையும் மிளகாயையும் எடுத்துப்போட்டுவிடுவாள். விரல் அங்கேயே இருந்தது. சிவப்பு இழை வெளுத்துக்கொண்டு வந்தது. கடைசித் துளியையும் அது உள்ளே இழுத்துக்கொண்டது. நான் ஒரு பெரிய சில்லைப் பெயர்த்தேன், பிறகு இன்னொன்று, வ என்று எழுதிய இடம் இரண்டாக உடைந்தது. உள்ளே ஈரமாக ஒரு கழுத்து, மடித்து வைத்த கைக்குட்டைபோல. அது ஒரு உதறு உதறியது. தலை வந்தது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய தலை, தாங்க முடியாமல் துண்டில் தொப்பென்று சாய்ந்தது. கண் மூடியிருந்தது. இடுப்புவரை ஓடு, ஈர மஞ்சளும் கறுப்புமாக ஒட்டிக் கிடந்த தூவி, மூச்சில் ஏறி இறங்குகிற ஒரு விரல்கடை மார்பு. வாய்வரை வந்துவிட்டது, "வாடி" என்று. பல்லைக் கடித்தேன். விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். சுவரில் காலண்டர். இன்றைய கட்டத்தில் நான் போட்ட சின்னப் புள்ளி. மூச்சுவிடுவதைக்கூட மெதுவாக்கினேன். இந்த அறையில் நான் இல்லை. இல்லாதவளாக இருப்பது எனக்கு வராத வேலையா. ஓடு கழன்று விழுகிற சத்தம் கேட்டது. துண்டில் நகங்கள் இழுபடுகிற சத்தம். பிறகு ஒரு கீ, இதுவரை கேட்காத கீ, எதிரே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மறுபடியும் கேட்டது. மறுபடியும்.

"நாளைக்கு" என்றார் அவர்.

கீ கீ கீ. நகங்கள் இழுபட்டன. கடைக்கண்ணால் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது இரண்டு சிறகுக் குச்சிகளையும் ஊன்றிக்கொண்டு, விழுந்து, எழுந்து, அவர் விலா எலும்புகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. கறுப்பு மணி. அது அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு" என்றார், இந்த முறை மெதுவாக, குரலைத் தாழ்த்தி. அப்படி ஒரு தாழ்ந்த குரல் அவரிடம் இருந்ததை நான் மறந்துபோயிருந்தேன். கரண்டியைத் தள்ள மட்டுமே எழும் அந்த இடது கை எழுந்து, மார்பைக் கடந்து வந்து, கோணலாக ஒரு மதில்போல அதன் பக்கத்தில் படுத்தது. அது அந்தக் கைக்கும் கழுத்துக்கும் நடுவே புகுந்து, அவர் பேசும்போது அசைகிற தொண்டையில் தலையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தது. அப்போது கரண்ட் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னால். ஃபிரிட்ஜ் உலுக்கிக்கொண்டு எழுந்தது, விசிறி அசைந்தது, காலிப் பெட்டிக்குள் பல்பு எரிந்தது, கூரையில் மஞ்சள் பொட்டுகள் வந்து ஒட்டிக்கொண்டன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. மோட்டார் முனகத் தொடங்கி, மெத்தை வரிசை வரிசையாக மூச்சு வாங்கி எழும்ப, என் கையின் மேலிருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏந்திக்கொள்ளப்பட்டது. அலாரம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் இனிமேல் அவர் பின்னாலேயே போக ஒரு ஜீவன் இருக்கிறது. அவர் எங்கேயும் போகப்போவதில்லை. அதுவும் இங்கேயே இருக்கும், அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில், பொறுமையாக, பதில் சொல்லிக்கொண்டு. வாசலில் என் செருப்பு கிடப்பது இங்கிருந்து தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நான் சத்தம் காட்டாமல், வளையல் உரசாமல், அவருக்கு அடியிலிருந்து என் கையை மெல்ல உருவ ஆரம்பித்தேன்.